120 ப்ளூ-ரே டிஸ்க், ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்: எதைக் கழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

நீங்கள் கேட்டது இது: வீட்டில் 120 ப்ளூ-ரே டிஸ்க்குகள் இருக்கின்றன. 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியாயிற்று. எல்லாப் படங்களையும் தரம் குறையாமல் அதில் ஏற்ற வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் என்ன செட்டிங் வைப்பது? கேள்வி செட்டிங்கைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ஒரு டிஸ்க்கில் இருப்பவற்றில் எதைக் கழித்தால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது? ஒரே செட்டிங்கை 120 படத்துக்கும் போடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. சில படங்களைச் சுருக்கவே தேவையில்லை. சிலவற்றைச் சுருக்கக் கூடாது. சிலவற்றை நாலில் ஒரு பங்காக்கினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த மூன்றையும் பிரிப்பதுதான் முதல் வேலை. ஹேண்ட்பிரேக் அதற்குப் பிறகுதான்.

முதலில் கணக்கு. 4 டிபி என்று அட்டையில் போட்டிருப்பது 4000 ஜிபி. விண்டோஸ் அதை 3.63 டிபி என்று காட்டும். 1000-ஆல் பெருக்குவதற்கும் 1024-ஆல் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. பத்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் 3600 ஜிபி கையில் இருக்கிறது. 120 படத்துக்குப் பங்கிட்டால் படத்துக்கு 30 ஜிபி. ஒற்றை அடுக்கு ப்ளூ-ரேயின் கொள்ளளவு 25 ஜிபி, இரட்டை அடுக்கு 50 ஜிபி. பெரும்பாலான டிஸ்க்குகள் முழுக்க நிரம்பியிருப்பதில்லை. நிரம்பிய இடத்திலும் படம் மட்டுமே இருப்பதில்லை. ஆக உங்கள் நிலைமை நீங்கள் நினைத்த அளவு நெருக்கடியானது அல்ல. படத்தின் ஒரு பிக்சலைக்கூடத் தொடாமல், வேண்டாததை மட்டும் கழித்தாலே கிட்டத்தட்ட எல்லாம் உள்ளே போய்விடும்.

ஒரு டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். இரண்டரை மணி நேரப் படம், அதாவது 9000 நொடி. வீடியோ சராசரியாக நொடிக்கு 22 மெகாபிட் என்றால் 22-ஐ 8-ஆல் வகுத்து 9000-ஆல் பெருக்குங்கள்: 24.75 ஜிபி. டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்ற, தரம் இழக்காத 5.1 ஒலி டிராக் ஒன்று சராசரி 3.5 மெகாபிட் எடுத்தால் 3.9 ஜிபி. இன்னொரு மொழி டப்பிங்கும் அதே வடிவில் இருந்தால் மேலும் 3.9 ஜிபி. இயக்குநர் பேசும் கமென்டரி டிராக் 192 கிலோபிட்டில் 0.2 ஜிபி. சப்டைட்டில் ஒவ்வொன்றும் சில பத்து எம்பி. அதைக் கழித்து எதுவும் மிச்சமாகாது. மேக்கிங் வீடியோ, டிரெய்லர், மெனு எல்லாம் சேர்ந்து 5 ஜிபி. மொத்தம் 38 ஜிபி. படமும் ஒரு ஒலியும் உங்களுக்குத் தெரிந்த மொழி சப்டைட்டிலும் போதும் என்றால் 29 ஜிபி. 9 ஜிபி போய்விட்டது. திரையில் எதுவும் மாறவில்லை, கம்ப்யூட்டர் ஒரு ஃபிரேமைக்கூடத் திரும்ப எழுதவில்லை. வீடியோ நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது படத்துக்குப் படம் மாறும், 15-லும் இருக்கும், 35-லும் இருக்கும். ஆனால் கழிக்க வேண்டிய வரிசை மாறாது.

இதைச் செய்ய ப்ளூ-ரே படிக்கும் டிரைவ் வேண்டும். டிவிடி டிரைவில் இருப்பது சிவப்பு லேசர், ப்ளூ-ரே கேட்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். எந்த மென்பொருளும் இந்தக் குறையைத் தீர்க்காது. மெலிதான யுஎஸ்பி டிரைவ் வாங்கினால், டிஸ்க் சுழலத் தொடங்கி நின்று நின்று போவது பெரும்பாலும் மின்சாரம் போதாததால். லேப்டாப்பின் யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகுங்கள். தனி அடாப்டர் இல்லாத யுஎஸ்பி ஹப் வழியாக வேண்டாம். ப்ளூ-ரேயில் 1எக்ஸ் வேகம் என்றால் நொடிக்கு 4.5 எம்பி. 6எக்ஸ் டிரைவ் 27 எம்பி இழுக்கும். ஆனால் டிஸ்க்கின் உள்வட்டத்தில் வேகம் குறைவு, வெளியே போகப் போகக் கூடும். அதனால் 35 ஜிபி படிக்க முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கிலிருந்து இறக்கப் பெரும்பாலோர் பயன்படுத்துவது மேக்எம்கேவி என்ற மென்பொருள். பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுள்ள டிஸ்க்கை ஹேண்ட்பிரேக் தானாகத் திறக்காது. நேராக அதில் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு ‘படிக்கவில்லை’ என்று தடுமாறுபவர்கள் நிறைய. மேக்எம்கேவி படத்தை என்கோட் செய்வதில்லை, அதாவது திரும்பச் சுருக்கி எழுதுவதில்லை. டிஸ்க்கில் இருக்கும் வீடியோவையும் ஒலியையும் அப்படியே எடுத்து எம்கேவி என்ற பையில் போட்டுத் தருகிறது. இதற்குத்தான் ரீமக்ஸ் என்று பெயர். உள்ளடக்கம் பிட்டுக்குப் பிட் அதேதான். மெனுவும் வேண்டும், டிஸ்க்கைப் போட்டது போலவே இயங்க வேண்டும் என்றால் அதிலேயே உள்ள பேக்கப் பொத்தான் டிஸ்க்கின் உள்ளடக்கம் இருக்கும் பிடிஎம்வி ஃபோல்டரை முழுதாக இறக்கும். அப்போது இடம் மிச்சம் என்ற பேச்சே இல்லை.

மேக்எம்கேவியில் டிஸ்க்கைத் திறந்ததும் டைட்டில் பட்டியல் ஒன்று, அதாவது டிஸ்க்கில் உள்ள தனித்தனி வீடியோக்களின் பட்டியல் வரும். அதில் கவனம் தேவை. முதலில் பிரிஃபரன்சஸில் குறைந்தபட்ச டைட்டில் நீளம் என்ற இடத்தில் 120 நொடி என்று இருப்பதை, திரைப்படங்களுக்கு 3600 ஆக்குங்கள். துண்டு துண்டு வீடியோக்கள் பட்டியலில் வராது. தொடர்களின் டிஸ்க்குகளில் வேறொரு பொறி இருக்கிறது. நாலு எபிசோட் உள்ள டிஸ்க்கில் நாலும் தனித்தனியாக வரும். கூடவே ‘எல்லாவற்றையும் ஓட்டு’ என்பதற்கான ஐந்தாவது டைட்டில், நாலையும் ஒட்டி மூன்று மணி நேரத்துக்கு வரும். டிஸ்க்கில் இரண்டும் ஒரே எம்2டிஎஸ் வீடியோ ஃபைல்களைத்தான் சுட்டுகின்றன, இடம் கூடுதலாகப் போவதில்லை. ஆனால் நீங்கள் ஐந்தையும் டிக் செய்து இறக்கினால் ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் இரண்டு முறை உட்காரும். 40 ஜிபி டிஸ்க் 80 ஜிபி ஆனது ஏன் என்று கேட்பவர்களுக்கு அநேகமாக இதுதான் பதில்.

சில டிஸ்க்குகளில் வேண்டுமென்றே நூற்றுக்கணக்கான போலி பிளேலிஸ்ட்டுகள் (எந்தத் துண்டை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற பட்டியல்) போட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே அளவு. ஒன்றில்தான் காட்சிகள் சரியான வரிசையில் இருக்கும். மற்றவற்றில் நடுவில் முன்பின்னாகக் கலைந்திருக்கும். முதல் பத்து நிமிடம் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டால் ஏமாந்தோம். ப்ளூ-ரே ஓட்டும் பிளேயர் மென்பொருளில் டிஸ்க்கை மெனு வழியாக ஓட்டி, எந்த எண்ணுள்ள பிளேலிஸ்ட் ஓடுகிறது என்று பார்த்து, அதே எண்ணை மேக்எம்கேவியில் தேர்ந்தெடுப்பதுதான் நம்பகமான வழி. இறக்கிய பிறகு மூன்று நாலு இடத்தில், குறிப்பாகச் சாப்டர் மாறும் இடங்களில், கதை ஒட்டுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஒலி. வீடியோவைத் தொடுமுன் இங்கேதான் நல்ல மிச்சம் இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிவியின் சொந்த ஸ்பீக்கரோ சாதாரண சவுண்ட்பாரோதான் என்றால், 3.9 ஜிபி எடுக்கும் டிடிஎஸ்-ஹெச்டி டிராக் முழுக்க வைத்துக்கொள்வதில் பயனில்லை. டிடிஎஸ்-ஹெச்டி டிராக்குக்குள்ளேயே ‘கோர்’ எனப்படும் 1.5 மெகாபிட் சாதாரண டிடிஎஸ் ஒளிந்திருக்கிறது. மேக்எம்கேவி பட்டியலில் பெரிய டிராக்கை விரித்தால் அதன் கீழே அது தனி வரியாகத் தெரியும். பெரியதை எடுத்துவிட்டு அதை மட்டும் டிக் செய்தால் மறு என்கோட் இல்லாமலே 3.9 ஜிபி 1.7 ஜிபி ஆகிறது. டால்பி ட்ரூஹெச்டி டிராக்கோடு டால்பி டிஜிட்டல் ஒன்று இதேபோல் கூடவே வரும். 640 கிலோபிட், இதே படத்துக்கு 0.7 ஜிபி. ஏவி ரிசீவரும் (பல ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் கருவி) நல்ல ஸ்பீக்கர்களும் இருக்கின்றன, அல்லது வாங்கும் எண்ணம் இருக்கிறது என்றால் பெரிய டிராக்கையே வையுங்கள். திரும்ப 120 டிஸ்க்கைப் போட்டு எடுக்க மனம் வராது. பழைய டிஸ்க்குகளில் சுருக்காத எல்பிசிஎம் ஒலி இருக்கும். 5.1, 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் 4.6 மெகாபிட், இரண்டரை மணிக்கு 5 ஜிபிக்கு மேல். இதை ஃபிளாக் என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றினால் ஒரு துளி இழப்பில்லாமல் கணிசமாகச் சுருங்கும். ஆனால் டிவியே நேரடியாக ஓட்டப் போகிறது என்றால் ஒரு படத்தில் முதலில் சோதியுங்கள். இதே எச்சரிக்கை டிடிஎஸ்ஸுக்கும் உண்டு: சில டிவிகள் டிடிஎஸ் ஒலியை எடுப்பதே இல்லை, படம் ஓடும், சத்தம் வராது. அந்த டிவிக்கு 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலாக மாற்றிக்கொள்வதுதான் தீர்வு.

சப்டைட்டிலில் இடம் மிச்சமில்லை என்றேன், ஆனால் தவறு நடக்க இடம் உண்டு. ப்ளூ-ரே சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். பிஜிஎஸ் என்று பெயர். எம்பி4 பையில் அது உட்காராது. அதனால் எம்கேவியிலேயே இருங்கள். படத்தில் வேற்று மொழி பேசும் காட்சிகளுக்கு மட்டும் வரும் கட்டாய சப்டைட்டில் என்று ஒன்று உண்டு. மேக்எம்கேவியில் அது தனிக் கிளையாக வரும். அதை விட்டுவிட்டால், கதாபாத்திரங்கள் ரஷ்ய மொழியில் பத்து நிமிடம் பேசும்போது ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். பிஜிஎஸ்ஸை எழுத்தாக மாற்ற சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு நன்றாக வேலை செய்யும், ஆனாலும் பெரிய ஐயும் சிறிய எல்லும் மாறிப்போகும், ஒருமுறை கண் ஓட்ட வேண்டும். தமிழ் சப்டைட்டிலை இப்படி மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி வருவதைத் திருத்தியே நாள் போகும். அதைப் படமாகவே விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இந்த வழியில் படத்துக்குச் சராசரி 28 ஜிபி வந்தால் 120 படமும் 3360 ஜிபி. உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிட்டது. நாளைக்கு வாங்கப்போகும் டிஸ்க்குகளுக்கு இடம் வேண்டும் என்றால்தான் வீடியோவைச் சுருக்கும் பேச்சு. இனிமேல் சொல்வதில் பாதி கண்ணையும் டிவியின் அளவையும் உட்காரும் தூரத்தையும் பொறுத்தது. யாராவது ‘இந்த எண் வைத்தால் தரமே குறையாது’ என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். திரும்ப என்கோட் செய்தால் இழப்பு உண்டு. அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

எந்தப் படம் சுருங்கும், எது சுருங்காது என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஃபிலிம் கிரெயின்தான், அதாவது ஃபிலிம் சுருளில் இயல்பாக வரும் நுண்புள்ளிகள். டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தில் ஒரு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பாஸ் செய்து அடுத்த ஃபிரேமுக்குப் போனாலும் சுவர் அப்படியே இருக்கும். என்கோடர் ‘முன்பு இருந்ததேதான்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். ஃபிலிமில் எடுத்த பழைய படத்தில் அதே சுவரைப் பாஸ் செய்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். சுவர் முழுக்க நுண்மணல் கொதிப்பது போல இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு மணலும் வேறு இடத்தில். முந்தைய ஃபிரேமிலிருந்து ஊகிக்க என்கோடருக்கு ஒன்றுமே இல்லை. அதை அப்படியே காப்பாற்றச் சொன்னால் ஃபைல் டிஸ்க்கில் இருந்த அளவுக்கே வந்து நிற்கும், சில சமயம் தாண்டியும் போகும். காப்பாற்றாதே என்றால் மணலை வழித்தெடுத்துவிடும். சுவரோடு சேர்ந்து முகத்தின் தோலும், வேட்டியின் நூலும், தலைமுடியும் மெழுகு பூசியது போல ஆகும். கிரெயினை நீக்கிச் சுருக்க ஹேண்ட்பிரேக்கில் டீநாய்ஸ் ஃபில்டர் இருக்கிறது. ஃபைல் பாதியாகும் என்பது உண்மைதான். ஆனால் கிரெயின் அழுக்கு அல்ல, அந்தப் படத்தின் உடம்பு அது. ஒளிப்பதிவாளர் பார்த்துத் தேர்ந்த ஃபிலிம் சுருளின் தடத்தை இடத்துக்காக அழிக்க வேண்டாம். அந்தப் படங்களை ரீமக்ஸாகவே விட்டுவிடுங்கள்.

சுருக்கத் தகுந்தவை: டிஜிட்டலில் எடுத்த சமீபத்திய படங்கள், அனிமேஷன், தொடர்கள். இன்னொரு வகையும் உண்டு. ப்ளூ-ரே வந்த 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளின் டிஸ்க்குகளில் பல, எம்பெக்-2 வீடியோவோடு வந்தவை. பழைய முறை என்பதால் இடத்தை வீணாகத் தின்னும். கிரெயின் குறைவான படம் என்றால் இவற்றில் நல்ல மிச்சம் கிடைக்கும். வீடியோ எந்த வகை என்பதை மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் முதல் சில வரிகளிலேயே பார்க்கலாம்.

செட்டிங்குக்கு வருவோம். மேக்எம்கேவி தந்த எம்கேவியை ஹேண்ட்பிரேக்கில் திறங்கள். என்கோடராக (சுருக்கும் முறை) எக்ஸ்265 10 பிட் தேர்ந்தெடுங்கள். அது எழுதும் வீடியோ வடிவத்துக்கு ஹெச்இவிசி என்று பெயர். மூலம் 8 பிட்தான், எதற்கு 10 பிட் என்று கேட்கலாம். அந்திவானம், டார்ச் வெளிச்சம் விழும் சுவர் போன்ற இடங்களில் நிறம் மெல்ல மெல்ல மாறுவதை 8 பிட் என்கோட் படிக்கட்டு படிக்கட்டாக உடைக்கும். 10 பிட்டில் அது வெகுவாகக் குறைகிறது, இடமும் கூடுவதில்லை. தரத்தை நிலையான தரம் (கான்ஸ்டன்ட் குவாலிட்டி) என்ற முறையில் வையுங்கள். சராசரி பிட்ரேட் முறையும், ‘8 ஜிபிக்குள் வர வேண்டும்’ என்று கணக்கிட்டு வைப்பதும் வேண்டாம். நிலையான தரத்தில் எளிய படத்துக்குக் குறைவாகவும் சிக்கலான படத்துக்குக் கூடுதலாகவும் தானே எடுத்துக்கொள்ளும். அளவைக் கட்டினால் எளிய படத்துக்கு வீணாகக் கொட்டி, சிக்கலான படத்தைப் பட்டினி போடும். இந்த முறையில் தரத்தைக் குறிப்பது ஆர்எஃப் என்ற எண். அது குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். 1080பி படத்துக்கு ஹேண்ட்பிரேக் தரப்பே சொல்லும் வரம்பு 20 முதல் 24. பெரிய டிவி என்றால் 20-இல் தொடங்குங்கள். பிரீசெட் வேகம் ஸ்லோ. அதற்கும் கீழே வெரி ஸ்லோ, பிளாசிபோ என்று போனால் நேரம் பல மடங்காகிறது, மிச்சமோ கையளவு. ஹெச்இவிசி ஓட்டாத பழைய டிவி என்றால் எக்ஸ்264, 8 பிட், ஆர்எஃப் 18 அல்லது 19. இரண்டின் ஆர்எஃப் எண்களும் ஒன்றுக்கொன்று சமம் அல்ல. எக்ஸ்264-இன் 20-ஐயும் எக்ஸ்265-இன் 20-ஐயும் வைத்து எது நல்லது என்று வாதிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது மாதிரி.

120 படத்தையும் தொடங்குமுன் ஒரு மாலை நேரத்தைச் சோதனைக்குக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் முழுப் படத்துக்குப் பதில் ஒரு சாப்டரை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இருட்டுக் காட்சியும் வேகமான அசைவும் உள்ள ஐந்து நிமிடச் சாப்டரை எடுத்து ஆர்எஃப் 18, 20, 22 என்று மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றையும் மூல எம்கேவியோடு பென்டிரைவில் போட்டு, நீங்கள் எப்போதும் பார்க்கும் டிவியில், எப்போதும் உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். மானிட்டரில் மூக்கை ஒட்டிப் பார்த்தால் எல்லாமே மோசமாகத் தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள் சிலதான்: நிழலில் இருக்கும் கறுப்புச் சட்டையின் மடிப்பு தெரிகிறதா, கறுப்புத் திட்டாகிவிட்டதா, வானத்தில் வளையங்கள் வருகின்றனவா, மழை, புகை, தூசி, கொட்டும் அருவி கட்டம் கட்டமாக உடைகிறதா, ஆள் தலையைத் திருப்பும் கணத்தில் கன்னத்தின் நுணுக்கம் கரைந்து மீண்டும் வருகிறதா. 20-க்கும் மூலத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 22-ஐப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால் ஆர்எஃப் எண்ணில் ஒரு படி கீழே இறங்குங்கள். அந்த எண் உங்கள் வீட்டுக்கு உரியது. அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்கிப் பயனில்லை.

முதல் முழுப் படம் முடிந்ததும் அளவைப் பாருங்கள். சுத்தமான டிஜிட்டல் படம் பெரும்பாலும் வீடியோவுக்கு 4 முதல் 7 மெகாபிட்டில் நிற்கும். இரண்டரை மணிக்கு ஒலியோடு சேர்த்து 6 முதல் 10 ஜிபி. அதே செட்டிங்கில் ஒரு படம் 18 ஜிபி வந்தால் செட்டிங் தவறல்ல, படத்தில் கிரெயின் இருக்கிறது என்று அர்த்தம். அந்த என்கோடை அழித்துவிட்டு ரீமக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். 28-இல் பத்து ஜிபி மிச்சத்துக்காகத் தரத்தை விட்டுக்கொடுப்பது கட்டுபடியாகாது. உங்கள் 120-இல் பாதி சுருங்கி 8 ஜிபி ஆனாலே, 60 படம் 1680 ஜிபி, 60 படம் 480 ஜிபி, மொத்தம் 2160. இன்னும் 1440 ஜிபி காலி.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படம் நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 2,16,000 ஃபிரேம். உங்கள் கம்ப்யூட்டர் ஸ்லோ பிரீசெட்டில் நொடிக்கு 20 ஃபிரேம் செய்தால் ஒரு படத்துக்கு 3 மணி நேரம். 60 படத்துக்கு 180 மணி. 150 வாட் இழுத்தால் படத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, மொத்தம் 27 யூனிட். மின்சாரச் செலவு பெரிதல்ல, ஆனால் லேப்டாப்பில் 180 மணி நேரம் முழு மூச்சாக ஓட்டுவது அதன் விசிறிக்கும் பேட்டரிக்கும் நல்லதல்ல. மேசைக் கம்ப்யூட்டரில் இரவு நேரத்தில் க்யூவில் போட்டுவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் என்வென்க், இன்டெலின் குயிக் சிங்க் போன்ற வன்பொருள் என்கோடர்களைப் பயன்படுத்தினால் மூன்று மணி நேர வேலை அரை மணிக்குள் முடியலாம். ஆனால் அதே தரத்துக்கு அவை அதிக இடம் எடுக்கின்றன. நாம் இதைச் செய்வதே இடத்துக்காக என்பதால், சேமித்து வைக்கும் படத்துக்கு மெதுவான சிபியு என்கோடே சரி. பயணத்தில் ஃபோனில் பார்த்துவிட்டு அழிக்கும் பிரதிக்கு வன்பொருள் என்கோட் தாராளமாகப் போதும்.

ஹேண்ட்பிரேக் தானாகச் செய்யும் இரண்டு மூன்று வேலைகளில் கண் வையுங்கள். மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளை அது தானாக வெட்டும். வெட்டினால் இடம் மிச்சம் என்பது தவறான எண்ணம். தட்டையான கறுப்புக்கு என்கோடர் செலவழிப்பது ஒன்றுமில்லை. ஐமேக்ஸ் காட்சிகள் கலந்த படங்களில் பட்டை நடுநடுவே மறைந்து படம் திரை முழுக்க விரியும். தானியங்கி வெட்டு பட்டையுள்ள காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டால் விரியும் காட்சிகளின் தலையும் காலும் போய்விடும். அத்தகைய படத்துக்கு வெட்டும் அளவு நாலையும் பூஜ்ஜியமாக்குங்கள். ஃபிரேம் ரேட் மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். 23.976-ஐ 30 ஆக்கினால் கேமரா மெல்ல நகரும் காட்சிகள் வெட்டி வெட்டி ஓடும். இசை நிகழ்ச்சி டிஸ்க்குகள் பல 1080ஐ. அசையும் கையின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பிரித்து எழுதும் முறை. அதற்கு மட்டும் டீகோம் ஃபில்டரை இயக்குங்கள்.

டிஸ்க்கிலிருந்து இறக்கும் வேலை (ரிப்) பாதியில் நின்றால் டிரைவைத் திட்டுமுன் டிஸ்க்கின் அடிப்புறத்தைப் பாருங்கள். கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் முதல் சந்தேகம். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் அடியிலேயே இருக்கிறது, டிவிடியில் 0.6. மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகச் சுற்றித் தேய்க்க வேண்டாம். டிவிடி கீறலைத் தேய்த்து எடுக்கும் பாலிஷ் வேலையை ப்ளூ-ரேயில் செய்யவே கூடாது. மேலே இருக்கும் 0.1 மில்லிமீட்டரையும் கடினப் பூச்சையும் தேய்த்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. துடைத்த பிறகும் அதே இடத்தில் நின்றால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணமாக நடப்பதுதான். மேக்எம்கேவி பிழைச் செய்தி காட்டியும் ஃபைல் உருவாகியிருந்தால், செய்தி வந்த இடத்தை ஓட்டிப் பார்க்காமல் டிஸ்க்கை உறையில் போடாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கை எஃப்ஏடி32-வில் ஃபார்மேட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வையுங்கள், எதை உங்கள் டிவி படிக்கிறது என்று முன்பே பாருங்கள். கைக்கு அடக்கமான 4 டிபி டிஸ்க்குகள் பல, தடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை. புதிதாக எழுதும்போது பிரச்சினையில்லை. அழித்து, திரும்ப எழுதி, மீண்டும் அழித்து என்று வேலை வாங்கினால் தவழும். ஆகவே ரிப்பும் என்கோடும் கம்ப்யூட்டரின் உள் டிரைவில் நடக்கட்டும், முடிந்த ஃபைல் மட்டும் அங்கே போகட்டும்.

4கே அல்ட்ரா ஹெச்டி டிஸ்க் சில இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெரும்பாலும் 66, 100 ஜிபி டிஸ்க்குகள் அவை. எல்லா ப்ளூ-ரே டிரைவும் ரிப் செய்ய இடம் கொடுக்காது, குறிப்பிட்ட ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருள்) உள்ள டிரைவ் வேண்டும். வீடியோ முன்பே ஹெச்இவிசி 10 பிட். கூடுதல் வெளிச்சமும் நிறமும் காட்டும் ஹெச்டிஆர் தகவலை விட்டுவிட்டு என்கோட் செய்தால் நிறம் வெளிறிப்போகும். டால்பி விஷன் என்ற ஹெச்டிஆர் வகையின் இரண்டாம் அடுக்கு மறு என்கோடில் தங்காது. இடமிருந்தால் ரீமக்ஸ், இல்லையென்றால் டிஸ்க்கையே போட்டுப் பாருங்கள்.

ஏற்றி முடித்த பிறகு டிஸ்க்குகளை விற்றுவிடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். இரண்டு காரணம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது; 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. சொந்தமாக வாங்கிய டிஸ்க்கை வீட்டில் பார்க்கப் பிரதி எடுப்பதற்கும், பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தை விற்பதற்கும் உள்ள தூரம் பெரிது. இது வக்கீலின் கருத்து அல்ல, பிரிவுகளைப் படித்த புரிதல். அமெரிக்கா போன்ற நாடுகளில் பூட்டை உடைப்பதே தனியாகச் சட்டமீறல் என்பதையும் வெளிநாட்டிலிருந்து படிப்பவர்கள் மனதில் வையுங்கள். இரண்டாவது காரணம், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது பேக்கப் அல்ல. அது ஒரு நாள் கீழே விழும், அல்லது காலையில் சொருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும். அன்றைக்கு உங்களிடம் இருக்கும் பேக்கப் அந்த 120 டிஸ்க்குகள்தான். உறையில் செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். எந்தப் படம் ரீமக்ஸ், எது என்கோட், எந்த ஆர்எஃப், எந்த ஒலி டிராக், டிஸ்க்கில் எந்தப் பிளேலிஸ்ட் எண் என்பதை ஒரு எக்ஸெல் தாளில் படத்துக்கு ஒரு வரியாக எழுதிவையுங்கள். திரும்பச் செய்ய நேர்ந்தால் சோதனையெல்லாம் மீண்டும் வேண்டியிருக்காது.